பூட்ட மறுத்த பட்டனும் அக்காவின் எட்டாவது வாரமும்

இரணியல்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும்.

மஸ்கட்டிலிருக்கும் ரெஜிஷா அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல ஜெரிஷ் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். நீயும் அத்தானும் வயிற்றிலிருக்கும் குட்டி மகாராஜாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பிளஸ் ஒன் மாணவன் ஜெரிஷின் காலர் பட்டன் சென்ற மாதம் முதல் பூட்ட மறுத்துவிட்டது. தையல்காரர் துணியைச் சுருட்டிவிட்டார் என்று அம்மா சண்டைக்கே போனாள். பிறகுதான் என் கழுத்து வீங்கியிருப்பதைப் பார்த்தாள். அயோடின் குறைச்சல் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, காலையில் சாளை மீன், மத்தியானம் நெத்திலி, ராத்திரி மறுபடியும் சாளை. என்னைக் கண்டால் தெருப்பூனைகள் எழுந்து நின்றன, வீக்கம் மட்டும் அசையவில்லை. நாகர்கோவில் டாக்டரம்மா சிரித்துவிட்டு, மீனுக்கு என்னம்மா குறை, இவன் கழுத்துல அயோடின் வந்து குவிஞ்சு கெடக்கு, அதைக் கோத்து ஹார்மோன் ஆக்கத்தான் ஆளில்ல என்றார். கோக்க வேண்டிய நொதி என்னைப்போல சோம்பேறியாம். மூளைக்கடியிலிருந்து பிட்யூட்டரி இன்னும் செய், இன்னும் செய் என்று விரட்ட, தைராய்டு பாவம் பெருத்துப் போச்சு. அந்த நொதிக்கான ஜீன் அம்மாவிடம் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அப்பாவிடமும் அப்படியே. அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டதில் ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இரண்டு பழுதும் எனக்கே. இந்த வீட்டில் பங்கு குறையாமல் எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்! அம்மா அழுதாள். யாரு குத்தமும் இல்ல, வெறும் வயித்துல தினம் ஒரு மாத்திரை போதும் என்றார் டாக்டரம்மா.

இனி அம்மாவின் கட்டளை. உனக்கும் இது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. லேசாக இருந்தால் வெளியே தெரியாது. முதல் மூன்று மாதம் பிள்ளைக்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்யாது, உன் ரத்தத்து ஹார்மோனில்தான் அதன் மூளை வளர வேண்டும். உனக்கு இது எட்டாவது வாரம். போன்ல சொன்னா செரி செரின்னு வச்சிருவா, எழுத்துல குடுல என்கிறாள். நாளைக்கு விமானம் ஏறும் ஜான்ரோஸ் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறோம். மக்களே, கடிதம் கிடைச்ச மறுநாளே தைராய்டு டெஸ்ட் எடுத்திரு, பயப்படாத, இருந்தாலும் மாத்திரை இருக்கு என்று சொல்லச் சொன்னாள். ரத்தம் எடுக்கும் ஊசி எறும்புக்கடிதான். நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, நர்ஸுக்கே சுரப்பிப் பாடம் எடுத்தேன்.

கர்த்தர் உன் கர்ப்பத்தின் கனியைக் காத்துக்கொள்வாராக. ரிப்போர்ட்டை அன்றைக்கே அனுப்பு.

அம்மா, அப்பா
எழுதியது: ஜெரிஷ்

அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள், அதனால் இது. பாடம் பாதிதான் நடந்தது. ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டேன். அம்மா கையைப் பிடித்திருந்ததால் தலை தப்பியது. நீ தனியாகப் போகாதே, அத்தானையும் கூட்டிக்கொண்டு போ.