மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே

அன்புள்ள மகளே,

நானும் அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. உன் நலத்தை அப்புறம் கேட்கிறேன், முதலில் உன் இடது கை எப்படியிருக்கிறது. கடலில் நீந்தும்போது ஏதோ உரசியது, கொஞ்சம் எரிச்சல், சரியாகிவிட்டது என்று ஒரே வரி எழுதிப் படம் அனுப்பியிருந்தாய். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே சிவப்புக் கோடு, சாட்டையால் இழுத்ததுபோல. அப்பா போனில் நல்ல தண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவும்மா என்றாரே, அது தப்பு. நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்துவந்து பார்த்துவிட்டேன், உன் கையில் இருப்பது ஜெல்லி மீன் கொட்டிய கோடுதான். அது கொட்டினால் தேய்க்கக் கூடாதாம், நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டிய மிச்சமும் வெடிக்குமாம், கடல் தண்ணீரால்தான் அலச வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன். நான் என்ன கடல்லயா குடித்தனம் பண்ணேன் என்கிறார்.

பயந்துகொண்டு படிக்க ஆரம்பித்தேன், இப்போது ஆசையாகப் படிக்கிறேன். ஜெல்லி மீனுக்கு மூளையே கிடையாதாம். கோபம் இல்லை, பகை இல்லை, தொட்டால் கொட்டும், அவ்வளவுதான். செத்துக் கரை ஒதுங்கினாலும் கொட்டுமாம். கல் மீன் என்று ஒன்று, கல்லாகவே கிடக்குமாம், மிதித்தால்தான் மீன். கூம்புச் சங்குக்குள் ஒரு நத்தை, விஷ ஈட்டி எறியுமாம். அழகாயிருக்கிறதென்று எதையும் பொறுக்காதே. உனக்கு எப்படி இருந்தது, சூடாகவா, ஊசியாகவா, அதை நீ எழுதவே இல்லை.

ஒன்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜெல்லி மீன் கொட்டும் ஊசி மிகவும் குட்டையாம், பெரும்பாலும் மெல்லிய துணியே தடுத்துவிடுமாம். துணி என்றால் நான் இல்லையா. தையல் கூடத்தில் இழுபடும் துணி கொஞ்சம் மிஞ்சியிருந்தது, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பாக வெட்டினேன். கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, என்னக்கா, மீனுக்கு உறை தைக்கிறீங்களா என்றார். ஆமா, ரெண்டு கால் மீன் என்றேன். இரண்டு நாளில் முடித்து வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எந்தப் பிள்ளைக்குடி என்றார்.

உன் அளவென்று என்னிடம் இருந்தது பள்ளிச் சீருடைக்கு வெட்டிய காகிதம்தான். யோசிக்காமல் அதை வைத்தே வெட்டியிருக்கிறேன். நீ விட்டுப்போன சட்டையை மேலே வைத்துப் பார்த்தேன். கை நாலு விரல் குட்டை. கோடு விழுந்த இடம் வெளியே.

பிரித்துவிட்டேன். புதுத் துணி வாங்கியாயிற்று. புது உடுப்பு வரும்வரை கடலில் இறங்காதே என்று எழுதி அடித்துவிட்டேன், நீ கேட்கப் போவதில்லை. கொட்டி மூச்சு முட்டினால் மட்டும் ஒரு நிமிஷமும் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

நீண்ட ஆயுசோடு, மனம் நிறைய நீந்து. மறக்காமல் உன் அளவை அனுப்பு. தோளிலிருந்து மணிக்கட்டுவரை, கையை லேசாக மடக்கி. தனியாக அளந்தால் தப்பாகும், நாடாவின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டும். பிடிக்க அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதையும் எழுது.

கையில் நாடாவோடு,
அம்மா