இரைச்சல் போன பிறகு கேட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன்.

இரண்டு மாதமாக உன் அம்மாவுக்கு ஒரே சந்தேகம். நீ கடல் தாண்டிப் பேசிவிட்டுப் போனை வைத்ததும், இவள் குரல் சரியில்லை, எதையோ மறைக்கிறாள் என்று ஆரம்பிப்பாள். லைன்தான் சரியில்லை என்று நான் மல்லுக்கு நிற்பேன். உன் பேச்சைத் திரும்பப் போட்டுக் காட்டி அவள் வாயை அடைத்துவிடலாம் என்று, போனிலிருந்து பதிவு செய்ய நானே ஒரு சர்க்யூட் கட்டினேன், லிப்ட் மெக்கானிக்காக இருந்த கை சும்மா இருக்குமா. போட்டுக் கேட்டால் உனக்கு முன்னால் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல்தான் பேசுகிறது. மாடி வீட்டுத் தையல்காரர் மேல் சந்தேகப்பட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். முறைத்துக்கொண்டே நிறுத்தினார், இரைச்சல் நிற்கவில்லை. பிரிட்ஜை அணைத்தேன், பால் திரிந்ததுதான் மிச்சம். நான் தோற்கட்டும் என்று அம்மாவே ஒயரை அசைத்துவிடுகிறாளோ என்றுகூட ஒரு நாள் கதவிடுக்கில் நின்று பார்த்தேன், நீ சிரிக்காதே. கடைசியில் கரண்டைப் பிடுங்கிவிட்டு அந்தச் சர்க்யூட்டைப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தபோது பாதி இரைச்சல் போய்விட்டது. திருடன் என் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறான். அடக்கமாக இருக்கட்டும் என்று டிரான்ஸ்பார்மரையும் மைக் ஒயரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் நெருக்கி வைத்தது நான்தான். டிரான்ஸ்பார்மரை வெளியே எடுத்துத் தள்ளி வைத்தேன். மீதிப் பாதி எர்த்தால் வந்தது. லிப்டில் கண்ட இடமெல்லாம் எர்த் கொடுத்தே பழகியதால், மைக் ஒயரின் மேலுள்ள வலைக்கம்பிக்கும் இரண்டு முனையிலும் எர்த் கொடுத்திருந்தேன். இரண்டு பக்கமும் எர்த் இருந்தால் நடுவில் கரண்ட் சுற்றி இரைச்சல் போடும் என்பதால், ஒரு முனையை அறுத்துவிட்டேன். அதோடு இரைச்சல் சுத்தமாக அடங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை அப்படித்தான் பதிவு செய்தேன். அம்மா குளிக்கப் போயிருந்தபோது நான் மட்டும் ஹெட்போனில் கேட்டேன். ஆபீசில் வேலை அதிகம், அதனால்தான் குரல் கம்மியிருக்கிறது என்கிறாய். உனக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு பெண், அங்கேயும் தமிழ்க்காரிதான், "பன்னிரண்டாம் பெட், கையை நீட்டுங்க" என்கிறாள். நீ போனைப் பொத்திக்கொண்டு, "ஒரு நிமிஷம் சிஸ்டர், அம்மா லைன்ல இருக்காங்க" என்கிறாய். எந்த ஆபீசில் கட்டில் போட்டு நம்பர் கொடுக்கிறார்கள்? என் காதில் நீ தாராளமாகப் பூச்சுற்றலாம், ஹெட்போன் மாட்டியிருக்கும்போது மட்டும் முடியாது. ஏழு தடவை கேட்டேன். எட்டாவது தடவை கேட்கத் தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் பதிவு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை, இப்போது சந்தேகம் என் மேல் திரும்பியிருக்கிறது. உனக்கு என்ன, எத்தனை நாளாக, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுது. பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டேன். வர வேண்டாம் என்று மட்டும் எழுதாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும்.

இந்த ஞாயிறும் வழக்கம்போலப் பேசு. அறுத்த எர்த் முனையை மறுபடி பற்ற வைத்துவிட்டேன். நீயே அம்மாவிடம் சொல்லும் வரை பதிவில் அந்த இரைச்சல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்
அப்பா