மூன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. போனில் என்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கடலோரத் தெருக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. நீங்கள் அறிக்கை கொடுத்து நான்கு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மூன்று வருடத்திலும் ஏறலாம், பதினொன்றும் ஆகலாம் என்று நீயும் உன் ஆய்வுக் குழுவும் எழுதிக் கொடுத்தீர்கள். எங்கள் குடிநீர் அலுவலகப் படிவத்தில் எத்தனை வருடம் என்பதற்கு ஒரே ஒரு எண் எழுதும் கட்டம்தான். நடுவாகப் பார்த்து ஏழு என்று எழுதியவள் நான். அது நடு இல்லம்மா, எங்களுக்கே தெரியாத இடம்மா அது என்றாய். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு குழாய் போட முடியுமா என்று எல்லோர் முன்னாலும் உன் வாயை அடைத்தேன். அந்த எண்ணை நம்பிக் குழாய் வேலையைத் தள்ளிப் போட்டார்கள். இப்போது அந்த ஜனங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள், நான் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் சுற்றிக்கொண்டு அலுவலகம் போகிறேன்.

போன செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், ஆய்வாளர்களின் கணக்கே தப்பு என்று குறிப்பு எழுதச் சொன்னார் என் மேலதிகாரி. எழுதியிருந்தால் என் பேர் தப்பியிருக்கும், உன் பேர் கெட்டிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்து, கணக்கு சரிதான், அதை மாற்றி நிரப்பியது நான் என்றேன். விசாரணை வரும். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது இது உனக்குத் தேவையா என்று அப்பா கத்தினார், பிறகு அவரே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த பகுதிக்கான அறிக்கையை ஆய்வாளர்கள், நாங்கள், கிணற்றுக்காரர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதுவதென்று முடிவாகியிருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். கிணற்றுக்காரி ஒருத்தி சொன்னாள், போன வருஷமே துணிக்கு சோப்பு நுரைக்கலைங்க, எங்களை யாரு கேட்டீங்க என்று.

உன்னையும் அழைக்கிறார்கள். அம்மாவுக்காக வராதே, அந்தத் தெருக்களுக்காக வா. அன்று உன்னை அவமானப்படுத்தியதற்கு என்னை மன்னித்துவிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியை மாற்று, தலைவலியோடு படிக்காதே. வந்தால், தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுது. அதை அடித்துவிட்டு எண் போட யார் வந்தாலும் முதலில் என்னோடு பேசட்டும்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா