கோன்ராட் தொப்பியைக் கழற்றிய நாள்

அன்புள்ள மகன் ஆர்விட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே வடகோடியில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், சூரியன் தலைகாட்டாத இரண்டு மாதத்தையும் காப்பியிலும் சண்டையிலும் ஓட்டிவிட்டோம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத குயின்ஸ்லாந்தில் நீயும் கேத்தியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் முதுகைப் பற்றி ஒரு விஷயம் எழுதவேண்டும், ஆனால் எடுத்த எடுப்பில் எழுதினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய், அதனால் முதலில் நம் தூரிட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் அக்கா மகள் குளிர்காலம் பூராவும் இங்கே என்னோடுதான் இருந்தாள். டாக்டர் படிப்பு முடித்தவள் ஊரில் ஒரு கிளினிக் போட்டு உட்காருவாள் என்று பார்த்தால், ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் கேட்கிறாள். மீன் எண்ணெய் குடிப்பீர்களா, வெயிலில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள், தெற்கே விடுமுறைக்குப் போவீர்களா என்று கேள்வி வேறு. எதற்கடி இது என்றேன். வெயில் பட்டால் உடம்பில் வைட்டமின் டி ஊறுமாம், நம் ஊர் இருட்டில் அது ஊறாதாம், இப்படி வெயில் குறைந்த ஊர்க்காரர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகமாக வருகிறதா, வந்தால் தாங்குகிற சக்தி குறைகிறதா என்று உலகத்தில் பல இடங்களில் பார்க்கிறார்களாம். வைட்டமினை இப்போதே அளந்துவிட்டு, மிச்ச ரத்தத்தை உறைய வைத்துப் பல வருஷம் காத்திருந்து பார்க்கவேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது யுத்தத்தில் பின்வாங்கிய ஜெர்மன்காரர்கள் பள்ளிக்கூடத்தையே எரித்துவிட்டுப் போனார்கள், என் எழுத்தில் தப்பிருந்தால் அவர்களைப் போய்க் கேள், ஆனாலும் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது, புரியும்படி சொல்லத் தெரிந்தவள் அவள்.

பக்கத்து வீட்டு கோன்ராட் மட்டும் கையை நீட்டவே மாட்டேன் என்றுவிட்டார். “எழுபது வருஷமா மீன் எண்ணெய் குடிச்ச உடம்பு பொண்ணு, ரத்தம் வராது, எண்ணெய்தான் வரும், உன் ஊசி அடைச்சுக்கும்” என்றார். பிறகு அவரே, “சரி, எண்ணெய் குடிச்சா புத்து வராதுன்னு எழுதிக் குடு, ரத்தம் தர்றேன்” என்றார். தூரிட், “அது எனக்குத் தெரியாது தாத்தா. தெரியாததுனாலதான் உங்க ரத்தத்தக் கேக்குறேன்” என்றாள். கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், “இம்புட்டுப் படிச்சும் தெரியாதாம்டி ஹான்சினே, உன் பேத்திக்கு!” என்று. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற டாக்டரை நான் இந்த வயது வரை பார்த்ததில்லை.

மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இலங்கைப் பெண் வதனியை உனக்கு நினைவிருக்கும். அவள் ரத்தத்தில் அந்த வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. அவள் தோல் அவள் ஊர் வெயிலுக்கு ஏற்ற குடை, அந்தக் குடையோடு இங்கே வந்தால் உள்ளே ஒன்றும் இறங்காது, நம் தோலோ கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் விடாமல் வாங்கிக்கொள்ளும் வெறும் தோல் என்றாள் தூரிட். பெயரில் ர வரும் மாதமெல்லாம், செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை, நாம் குடிக்கிற மீன் எண்ணெயை இப்போது வதனியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். “அம்மா, எங்க ஊர்ல இத விளக்குக்குக் கூட ஊத்த மாட்டோம்” என்கிறாள், ஆனாலும் குடித்துவிடுகிறாள்.

இனி சூரியன் திரும்பிய நாளுக்கு வருகிறேன். எப்போதும்போல் பள்ளிக்கு விடுமுறை விட்டு எல்லாரும் தேவாலயத்துக்குப் பின்னால் சரிவில் ஏறி நின்றோம், ஜாம் வைத்த ரொட்டியை நான்தான் சுட்டேன். மலை இடுக்கில் அந்தச் சிவப்பு விளிம்பு வந்ததும் ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். சாப்பாட்டு மேசையில்கூட தொப்பியைக் கழற்றாத கோன்ராட் சூரியனுக்கு மட்டும் கழற்றுவார், உனக்குத் தெரியுமே. அவருக்குப் பின்னால் மேட்டில் நின்ற தூரிட் சூரியனைப் பார்க்கவில்லை, அவர் வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வைத்த ரொட்டியை எடுத்துவிட்டு, “தாத்தா, அப்படியே நில்லுங்க, தொப்பி போடாதீங்க” என்றாள். அவர், “ஏன்டி, என் தலைலயும் ஒரு சூரியன் உதிச்சிருச்சா?” என்றார். எல்லாரும் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. காதுக்கு மேலே கறுப்பாக ஒரு புள்ளி, ஓரம் கோணல்மாணலாக, பாதி கறுப்பு பாதி பழுப்பு. வருஷா வருஷம் தெற்கே வெயில் கொளுத்தும் கனேரித் தீவுக்குப் போய், இருட்டில் விட்டுப்போனதை எல்லாம் இரண்டே வாரத்தில் வாங்கிவிடுகிறேன் என்று வேகவைத்த இறால் மாதிரி வந்து இறங்குவாரே, அதற்கு வந்த கூலி. அடுத்த நாளே அவரை வம்படியாக இழுத்துக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் புற்றில் கெட்ட ஜாதிதானாம், ஆனால் ஆழம் இறங்கவில்லை, முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த கிழவர் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து அவளிடம் கையை நீட்டினார்.

அன்று தூரிட் சொன்ன ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வெயிலே இல்லாததும் ஆபத்து, பசித்தவன் மாதிரி வெயிலை அள்ளி விழுங்குவதும் ஆபத்து, நாம் எங்கே போனாலும் இந்த ஊர்த் தோலைத்தான் போர்த்திக்கொண்டு போகிறோம் பாட்டி என்றாள். நீ அங்கே போன புதிதில் எழுதினாயே, பிறந்ததிலிருந்து கிடைக்காத வெயிலை எல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் அம்மா என்று, அதுதான் உடனே நினைவுக்கு வந்தது. போன கோடையில் நீ வந்து சட்டையில்லாமல் படகுக் கொட்டகைக்குப் பெயிண்ட் அடித்தபோது உன் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒன்று பார்த்தேன். கோன்ராட் தலையில் இருந்ததைப் போலவே ஓரம் கோணல். இது என்னடா என்றதற்கு, பிறந்ததிலிருந்தே இருக்கிறது அம்மா என்றாய். உன்னைக் குளிப்பாட்டியவள் நான், ஆர்விட். உன் முதுகில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

பயமுறுத்த எழுதவில்லை, ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்றுதான் தூரிட்டும் சொல்கிறாள், ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர், நீயும் இல்லை நானும் இல்லை என்கிறாள். கடிதம் கிடைத்த அன்றே கேத்தியிடம் முதுகைக் காட்டு, அந்த வாரமே டாக்டரிடம் போ, அவர் சொன்னதை எனக்குப் போனில் சொல், நல்லதோ கெட்டதோ மறைக்காதே. பிள்ளைகளுக்கு வெளியே போகும்போது தொப்பி போடு. வெயில் உங்களுக்கு அளவோடு கிடைக்கட்டும், ஆயுசு அளவில்லாமல் கிடைக்கட்டும். சூரியன் வந்த நாளில் உனக்கென்று எடுத்துவைத்த ரொட்டி குளிர்பெட்டியில் இருக்கிறது, அப்பாவின் கண் அதன்மேலேயே இருக்கிறது, கோடைக்கு வந்து சாப்பிடு.

கோன்ராட் கட்டுப்போட்ட தலையோடு என் எதிரில்தான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறார்: “டேய் ஆர்விட், நான் தொப்பியக் கழட்டிட்டேன். நீ சட்டையக் கழட்டு.”

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா ஹான்சினே