ஃபில்டருக்கு எண்ணெய் போடவில்லை

திண்டிவனம்,
ஐப்பசி 19, புதன்கிழமை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், மாடுகள் சுகம், கொல்லையில் கால் வைக்க முடியாத அளவுக்கு மழை. ஸ்வீடன் குளிருக்கும் வேலைக்கும் ஈடுகொடுத்துக்கொண்டு நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். மூன்று ஞாயிறாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா கொல்லைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். அவளுக்கு எதிரிலேயே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சொல்லச் சொன்னது நான், அவள்மேல் கோபப்படாதே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் வண்டி போய்விட்டது கலை. இரும்பை கிராமத்துப் பக்கம் இருந்த அந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது உனக்குக் கொடுத்த மோட்டோகிராஸ் பந்தய வண்டி, உன்னைவிடப் பத்து வயது மூத்த வண்டி, இனி ஓடாது. அதைக் கெடுத்தது நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன், நடுவில் கோபம் வந்தாலும் முழுசாகப் படி. ஆயுதபூசைக்கு முந்தின நாள் வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவினோம், டிராக்டர், மண்வெட்டி, களைக்கொத்து, அம்மாவின் அரிவாள்மணை வரைக்கும். உன் வண்டியையும் பம்புசெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், நீ சொல்லிக் கொடுத்தபடி சைலன்சர் வாயில் துணி அடைத்துத்தான் கழுவினேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் நாலு முறை அலசினேன். அழுக்கெல்லாம் போய்ப் புதுசாட்டம் வந்துவிட்டது. கழுவிக் காய்ந்ததும் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து மாட்ட வேண்டும், அந்தப் பிசுக்குதான் தூசியைப் பிடிக்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். தெரிந்துதான் செய்யவில்லை. பூசைக்கு வைக்கிற பொருளில் பிசுக்கு இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டேன், ஆயுதபூசை அன்றைக்கு மட்டும் எந்தச் சாமானிலும் கிரீஸ் இருக்காது. சரி, விஜயதசமிக்கு மறுநாள் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்று காய்ந்த ஸ்பாஞ்சை அப்படியே மாட்டிவிட்டேன். சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி உனக்கு வீடியோவில் காட்டினேன். நீ சிரித்தாய். அப்புறம் கேட்டாய், “ஃபில்டருக்கு எண்ணெய் போட்டியாப்பா?” என்று. போட்டாச்சு என்றேன். சக்கரபாணி சித்தப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் மகள் கேட்டு அப்பன் இல்லை என்று சொல்வதா என்று ஒரு வீம்பு. வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்கு அடுத்த நாளே கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் வந்துவிட்டது. ஆளுக்குச் சோறு, காய் பிரிக்கிற மிஷின், மூட்டை என்று ஒரே பேஜார், எண்ணெய் போடுவது சுத்தமாக மறந்து போனது. ஆனால் வண்டியை எடுக்க மட்டும் மறக்கவில்லை. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாதே, ஓட்டு என்று சித்திரையில் நீ சொன்னாயே, அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் இரண்டு தடவை விழுந்தேன், முட்டி சிராய்த்தது, மாடு முட்டியது என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு பிடிபட்டுவிட்டது. வரப்பு மேட்டில் ஏற்றி இறக்கும்போது முன் சக்கரம் ஒரு சாண் தூக்கும், அப்போது இந்த அறுபத்து மூன்று வயதுக்காரனுக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. தைக்கு நீ வரும்போது உன் எதிரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அறுப்பு சமயத்தில் மிஷினைச் சுற்றித் தூசி புகை மாதிரி பறக்கும், தெரியுமல்லவா, அதற்குள்ளேதான் பதினைந்து நாள் ஓட்டினேன். அந்தத் தூசியை எல்லாம் காய்ந்த ஸ்பாஞ்ச் வழியாக இன்ஜின் உள்ளே இழுத்திருக்கிறது. இன்ஜினில் அழுத்தம் குறைந்து உதைக்கிற கிக்கர் லேசாகிக்கொண்டே வந்தது, டொக் டொக் என்று ஒரு சத்தமும் வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பெட்ரோலில் ஆயில் கூடிப்போச்சு போல, நன்றாக முறுக்கி ஓட்டினால் சரியாகிவிடும் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் முறுக்கின இடத்திலேயே உள்ளே ஏதோ உடைகிற சத்தம், பின்சக்கரம் இறுகிவிட்டது, நான் ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்றுகூட அன்றைக்குத் தோன்றியது.

சித்தப்பாவின் டெம்போவில் ஏற்றி விழுப்புரம் மெக்கானிக் அந்தோணிசாமியிடம் கொண்டுபோனேன், உனக்குப் பழைய பழக்கமாயிற்றே. அவன் ஹெட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சிலிண்டர் சுவர் முழுக்கக் கோடு கோடாகத் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இடைவெளியில் ஆடி ஆடி பிஸ்டனின் கீழ் ஓரம் உடைந்து, அந்தத் துண்டு கிராங்கில் மாட்டி, இன்ஜின் கூடே இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது. பிஸ்டன் மட்டும் என்றால் வெளியூரிலிருந்து எப்படியாவது வரவழைத்துவிடுவேன், கூடு எங்கேயும் கிடைக்காதுங்க ஐயா என்றான். நான் விடவில்லை, பிளந்த இடத்தை வெல்டிங் வைக்கச் சொன்னேன். வேணாங்க என்றான், வை என்று சத்தம் போட்டேன். வைத்தான், சூட்டில் பேரிங் உட்காருகிற இடம் கோணிக்கொண்டது. அதோடு முடிந்தது. கிளம்பும்போது என் நிலைமையைப் பார்த்து ஒரு யோசனை சொன்னான். “வண்டிக்கு வயசாயிடுச்சி, தானா நின்னு போச்சின்னு பாப்பா கிட்ட சொல்லிடுங்க ஐயா. அது எங்க பிரிச்சி பாக்கப் போவுது” என்றான். நல்ல மனசில்தான் சொன்னான். நானும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லித்தான் வண்டி இந்தக் கதியில் இருக்கிறது, இன்னொன்று சொல்ல முடியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பந்தயத்தில் ஓட்டின படம் பேப்பரில் வந்ததும், சொந்தக்காரன் நாலு பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டு, இந்த வண்டியின் செயினைக் கழற்றிக் கிணற்றில் போட்டவன் நான். நீ ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறிப் போனாய். நாலு வருஷம் அம்மாவிடம் மட்டும் பேசினாய். நீ போன அடுத்த மாதமே ஆளை இறக்கி அந்தச் செயினை எடுத்தேன், துருப்பிடித்துப் போயிருந்தது. வேறு வாங்கி மாட்டினேன், இதையெல்லாம் யாரிடம் சொல்வது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனில் வண்டியைக் காட்டியபோதுதான், டேங்கில் பெட்ரோலை நிற்க விடாதே, இப்போது வருகிற பெட்ரோலில் தண்ணி கோத்துக்கும் என்று என்னிடம் முதல் வார்த்தை பேசினாய். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் லிட்டருக்கு எவ்வளவு ஆயில், பிளக் என்ன நிறத்தில் இருக்கிறது, கார்புரேட்டரில் எந்த ஓட்டை அடைத்திருக்கிறது, இதுதானே பேசினோம். சாப்பிட்டாயா என்றுகூட நான் உன்னைக் கேட்டதில்லை, கேட்கக் கூச்சம். பிளக் நிறத்தைக் கேட்டால் நீ அரைமணி நேரம் பேசுவாய். இப்போது அந்தப் பேச்சும் போய்விட்டது. இனிமேல் உனக்கும் எனக்கும் பேச என்ன இருக்கிறது? செயினைக் கிணற்றில் போட்டது கோபத்தில், அதையாவது எடுக்க முடிந்தது. இது வீம்பில் செய்தது, எடுக்க ஒன்றுமில்லை.

மற்றபடி, சித்தப்பா மகன் பூவரசனுக்குக் கண்டாச்சிபுரத்தில் பெண் பார்த்துப் பேசி முடித்தாயிற்று, பெண் நர்சு வேலை. மல்லாட்டை இந்தத் தடவை சுமார்தான். அம்மாவுக்கு முட்டி வலி, மாத்திரை போட மாட்டேன் என்கிறாள், நீ சொன்னால் கேட்பாள். சமைத்ததைப் பழைய சோறு மாதிரி அங்கே ஃபிரிட்ஜில் வைத்து வைத்துத் தின்னாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. வண்டி அந்தோணிசாமி கடையிலேயே மூட்டையாகக் கிடக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவர மனசு வரவில்லை. அதை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும், எனக்கு அந்த உரிமை இல்லை.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மேல்மலையனூர் அம்மன் துணையோடு நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம், அதற்குள் வருகிற ஞாயிறும் நான் போனை எடுக்க மாட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு எடுப்பேன். கூப்பிட்டால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வண்டி இல்லாத வீட்டுக்கு எதற்கு வர வேண்டும் என்று தோன்றி தை மாச டிக்கெட்டை ரத்து செய்தாயானால், அதை அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல். அவள் உனக்குப் புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கடாசலம்