நான்கு கழுவல்

செவ்வாய்க் குடியிருப்பு, ஊக்கமருந்துச் சோதனைக்கூடம். பதிவு: மாதங்கி.

நாள் 211, 09:10
நாளை கபடி இறுதியாட்டம். இன்று வீரர்களின் சிறுநீர்ச் சோதனை; ஆளுக்கு இரண்டு பாட்டில், இரண்டாவது மறுசோதனைக்கு. தடை மருந்தையே அச்சாக வைத்துப் பிளாஸ்டிக் மணிகளை வார்ப்பேன். பிறகு மருந்தைக் கழுவி நீக்கினால் அதன் வடிவத்தில் குழி மிஞ்சும். சிறுநீரில் அந்த மருந்து இருந்தால் குழியில் போய் உட்காரும், வேறெதுவும் உட்காராது. உட்கார்ந்ததைக் கரைத்தெடுத்து அளக்க வேண்டியதுதான். பழைய மணிகள் பதின்மூன்று பேரோடு தீர்ந்தன. கடைசி ஆளான பதினான்காமவனுக்குப் புதியவை. ஒன்பது முறை கழுவ வேண்டும். திரவம் தட்டுப்பாடு, நான்கோடு நிறுத்தினேன். போதும்.

நாள் 211, 13:40
எண் 14, இருளப்பன்: மருந்து உண்டு. தெற்குச் சுரங்க அணியின் ரெய்டர், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். என்னிடம் சிக்கினான் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. இறுதியாட்டத்திலிருந்து அணியையே நீக்கிவிட்டார்கள். அவனுடைய ஒலிச்செய்தி:
"டாக்டரம்மா, பாசிக்கஞ்சியத் தவிர நான் ஒண்ணும் திங்கலம்மா. ரெண்டாவது பாட்டில் இருக்குல்லா, அதையும் பாத்துச் சொல்லுங்க. எங்க ஆளுவ வெறி புடிச்சு நிக்கானுவ."
நாளைக்குப் பார்க்கலாம் என்று பதில் அனுப்பினேன்.

நாள் 212, 07:25
நேற்றிரவு அவனுடைய சொந்தச் சுரங்கத்து ஆட்களே அவனை அடித்துக் கொன்றுவிட்டார்கள். பாறை துளைக்கும் கம்பியால். முகம் என்று ஒன்று இல்லை. கணுக்காலில் நான் கட்டிய எண் பட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம்.

நாள் 212, 10:50
புது மணிகளில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மருந்து உண்டு என்கிறது. தண்ணீருக்கு! நான் கழுவாமல் விட்ட மருந்துதான் கசிந்திருக்கிறது. இருந்த திரவத்தையெல்லாம் கொட்டி மிச்ச ஐந்து முறையும் கழுவி, இரண்டாவது பாட்டிலைச் சோதித்தேன். சுத்தம். அவன் சுத்தம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவி, நான்தான்.

11:15
எல்லாச் சுரங்கங்களுக்கும் உண்மையை ஒலிபரப்பினேன். மறைத்திருக்கலாம். மனம் வரவில்லை.

12:05
அணித்தலைவன் சுடலையாண்டி, கதவு ஒலிபெருக்கியில்:
"ஏட்டி! ஒரு பாவமும் அறியாத எங்க பயலக் கொன்னுபுட்டியே! கதவத் தொற!"
காமிராவில் தெரிகிறான். பின்னால் முப்பது பேர். அழுகிறார்கள். கையில் அதே கம்பி. நேற்றைய ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது.
அவர்களும் கழுவவில்லை.

12:11
கதவு போய்விட்டது. என் இடது கையும். இந்தப் பதிவை எடுப்பவருக்கு: இரண்டாவது பாட்டில் காற்றுக்குழாய்க்குப் பின்னால். அவன் சுத்தம். மணிகளை ஒன்பது முறை கழு