‘வருவான்’ என்றால் எந்தக் காலம்?

கொட்டாஞ்சேனைக்காரிக்கு,

உன் புத்தகத்தின் அச்சுப்படி இன்று காலை வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உறையைக் கிழித்ததும் புது மையின் மணம் அடித்தது. இந்த மணத்துக்காக நீ எத்தனை வருடம் ஏங்கினாய்! நேரே கடைசிக் கதையின் கடைசி வரிக்குப் போனேன். பார்த்ததும் கொதித்துப் போனேன்.

‘பின்னேர பஸ்ஸில் அண்ணன் வருவான்’ என்று நீ முடித்திருந்தாய். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் தம்பி ‘வருவான்’ என்பதைச் சிவப்பால் வெட்டி, ‘வருவது வழக்கமாக இருந்தது’ என்று திருத்தியிருக்கிறார். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: காலம் தெளிவில்லை. தெளிவில்லையாம்! நம் காலம் எப்போதடி தெளிவாக இருந்தது? உடனே உன்னைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏச வேண்டும் போல் இருந்தது. போன மாரிக்காலத்தில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனதை மறந்து போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

நாம் ஒரே கந்தோரில் தட்டச்சு செய்த காலத்தில் நீ காதல் கதைகள்தான் எழுதினாய். கரையோர ரயில், மழை, குடையை மறந்த ஒரு பெடியன். பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் வரும். “உன்ர கதையில எல்லாரும் குடையை மறக்கிறாங்கள். கொழும்பில குடைக் கடைக்காரன் பிழைச்சிடுவான்” என்று நான் நக்கலடிப்பேன். “நீ பொறாமையில சாகு” என்பாய்.

பிறகு, துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிளாக்காக இருந்த உன் அண்ணனை, வேலை முடிந்து வரும் வழியில், உங்கள் ஒழுங்கை முனையிலேயே இலக்கத்தகடு இல்லாத ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டப்பகல். வான் போனதும் ஒழுங்கையில் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துப்பட்டன. கிறிஸ்மஸுக்கு உங்களோடு பலகாரம் மாற்றிக்கொண்ட வீடுகள் அவை. அவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். நீயோ, “அவையளுக்கும் பெடியள் இருக்கினம்தானே” என்று விட்டுவிட்டாய். அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அதற்குப் பிறகு நீ எழுதிய கதைகளில் மழை பெய்ததில்லை. பஸ் தரிப்பிடங்களும் காத்திருக்கும் பெண்களும்தான் வந்தார்கள்.

சண்டை முடிந்தது என்று நகரம் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்து ஓய்ந்த பிறகு, உன்னோடு ஒரு அரச அலுவலகத்துக்கு வந்தேன். அங்கிருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. ‘நங்கி’ என்று தங்கையைப் போலத்தான் உன்னைக் கூப்பிட்டார். அண்ணனின் மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்தால் எல்லாம் லேசாக முடியும் என்று சிங்களத்தில் விளக்கினார். நீயும் சிங்களத்திலேயே, குரலை உயர்த்தாமல், “எப்ப செத்தவர், எங்க செத்தவர் எண்டு நீங்க எழுதுங்கோ ஐயா. நான் கையெழுத்து வைக்கிறன்” என்றாய். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

நம்மவர்கள் மட்டும் என்ன குறைச்சலா? தேர்தலுக்கு நின்ற ஒருவர் மாலையோடு உன் வீட்டுக்கு வந்தார். அண்ணனின் படத்தை மேடையில் வைக்க வேண்டுமாம். இனத்துக்காக உயிர்கொடுத்த வீரனாம். “அவன் வீரனில்லை, துறைமுகத்துக் கிளாக். கரப்பானுக்குப் பயந்தவன். மாலை செத்தவைக்குத்தான் போடுறது, கொண்டு போங்கோ” என்று வாசலோடு அனுப்பினாய். ஆளுக்கொரு கொடி பிடித்து அடிபடுகிறவர்கள், அவனைச் செத்தவனாக்குவதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று நான் பொரிந்து தள்ளினேன். நீ போகும் காரையே பார்த்துக்கொண்டு, “நல்ல மல்லிகையடி. மாதாவுக்குப் போட்டிருக்கலாம்” என்றாய்.

அந்த இலக்கியக் கூட்டத்தை எப்படி மறப்பேன்? போர் நம் இலக்கியத்துக்குப் பெரிய விளைச்சலைத் தந்தது என்று ஒரு பேராசிரியர் நீட்டி முழக்கினார். உதாரணத்துக்கு உன் பெயரையும் சொன்னார். நீ பின்வரிசையில் எழும்பினாய். “ஐயா, என்ர கதையள் எல்லாத்தையும் திருப்பித் தாறன். அண்ணனைத் தாங்கோ.” தேநீர் நேரத்தில் ஒருவரும் நம் பக்கம் வரவில்லை. நாம் இருவரும் மூலையில் நின்று, தட்டிலிருந்த மீன் பற்றிஸ் பலகாரத்தை ஒருகை பார்த்தோம்.

இதையெல்லாம் அறியாத ஒருவர் சிவப்பு மையோடு வந்தால் நான் சும்மா விடுவேனா? அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“அன்ரி, வாசிக்கிறவைக்குக் குழப்பமா இருக்கும். அவர் முந்தி வந்துகொண்டிருந்தவரா, இனி வரப்போறவரா?”

“ரெண்டும்தான் தம்பி. தமிழில ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான். அதாலதான் அவ அதை எழுதினவ.”

“சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம், அன்ரி. இப்பத்தைப் பிள்ளையளுக்கு...”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அந்தச் சொல்லு நிக்காட்டிப் புத்தகம் வேண்டாம். கட்டித் திருப்பி அனுப்புங்கோ.”

சொல்லிவிட்டேன். மற்றப் பதிப்பகங்கள் எல்லாம் எப்போதோ கையை விரித்துவிட்டன. நீ கண்ணால் காணாமலே போன உன் ஒரே புத்தகத்தை, ஒரு சொல்லுக்காக நானே கெடுக்கிறேனா என்று பயந்தேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. நீ இருந்திருந்தால் இதைவிடக் குறைவாகவா பேசியிருப்பாய்?

போனில் அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அன்ரி, எங்கட சித்தப்பாவையும் கொண்டு போனவை. நான் அப்ப கைக்குழந்தை. தெஹிவளையில எங்கட வீட்டில அம்மா அவரைப் பற்றிக் கதைக்கேக்க, சித்தப்பாவுக்கு றால் பிடிக்கும், சித்தப்பா சத்தமாச் சிரிப்பார் எண்டுதான் இப்பவும் சொல்லுறவ. அது என்ன காலமெண்டு நான் யோசிச்சதேயில்லை. சொல்லை அப்பிடியே விடுறன்.”

போர் நம் எழுத்தை என்ன செய்தது என்று மேடையில் அளக்கிறவர்கள் தெஹிவளையில் அந்தத் தாயின் குசினிக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்து கேட்கட்டும். அங்கே ஒருவரும் கதை எழுதவில்லை. இறால் பொரித்துக்கொண்டு, உன் கடைசி வரியைத்தான் தினமும் பேசுகிறார்கள். சட்டத்தாலோ கொடியாலோ அந்த வினைச்சொல்லை இன்னும் மாற்ற முடியவில்லை.

உன் புத்தகம் வரும். நீ எழுதியபடியே வரும். உனக்குப் பிறகு உன் அண்ணன் எங்கே என்று கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே இனி நான் கேட்பேன். எனக்கு வயது போய்விட்டது, முழங்கால் நோகிறது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நடந்து முடிந்ததை இலக்கணத்தில் இறந்தகாலம் என்கிறோம். இந்த மடல் முழுக்க உனக்கு அதைத்தான் எழுதியிருக்கிறேன்: ஏங்கினாய், எழுதினாய், எழும்பினாய். ஒவ்வொரு சொல்லும் நோகிறது. என்றாலும் உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன், பெட்டியை மூடும்போது பக்கத்தில் நின்றேன், என் கையாலேயே மண் போட்டேன். அதனால் எழுத முடிகிறது. உன் அண்ணனுக்கும் அப்படி எழுதச் சொல்லி இனி எவன் வந்தாலும், முதலில் அவனுக்குப் போட்ட மண்ணை எனக்குக் காட்டட்டும்.